பேட்டரிக்காகத்தானுங்க

பெல்ட்டைப் போட்டுக்கங்க தம்பி. இன்னும் சித்த இழுங்க. ஆங், இப்பச் செரி. மிதுன்தானுங்களே பேரு? மகன் போன்ல சொன்னான். திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காப்ல, நல்ல குடும்பம், காரைப் பாக்க வர்றாப்ல, ஓட்டிக் காட்டி அனுப்புங்கம்மான்னு. காட்டறதுக்கென்னங்க, காட்டீரலாம். வித்துப் போட்டா எனக்கும் ஒரு சோலி கொறைஞ்சுது.

மூக்கைச் சுளிக்காதீங்க தம்பி. எனக்கும் தெரியுதுங்க. மீன் வாசம்தான். எத்தனை தடவை கழுவுனாலும் போக மாட்டேங்குது. இத்தனைக்கும் நாங்க மீன் திங்கற ஆளுகளே இல்லீங்க. ஒறம்பரை வந்தா கோழி, நோம்பின்னா கறி, அவ்வளவுதான். அது ஒரு பெரிய கதைங்க. தார் ரோடு வர்ற வரைக்கும் இந்த இட்டேரியில மெதுவாத்தான் போகோணும், ரெண்டு பக்கமும் வேலி முள்ளு. நான் சொல்லிக்கிட்டே வர்றேன், நீங்க கேட்டுக்கிட்டே வாங்க.

எம்பட மகன் நவநீதன் இந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்குனானுங்க. ஸ்போர்ட்ஸ் காருன்னான். ரெண்டே சீட்டு. இதுக்குக் குடுத்த காசுக்கு ரெண்டு பஸ்ஸே வாங்கலாம்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. வாங்கி ஆறு மாசங்கூட ஓட்டலீங்க, கனடாவுல வேலைன்னு போயிட்டான். போறப்ப சாவியை எங்கையில குடுத்து, "அம்மா, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, களத்துல முன்னயும் பின்னயும் எடுத்து வெச்சீங்கன்னாப் போதும். இல்லைன்னா பேட்டரி போயிரும்"னான். அதுதானுங்க ஆரம்பம். நானா எதையும் தேடிப் போகலை. பேட்டரிக்காகத்தானுங்க.

முதல் வாரம் ஸ்டார்ட் பண்ணினேன். கோழியெல்லாம் கூரை மேல ஏறிக்கிச்சு. எனக்கு இந்தச் சத்தமே புடிக்காதுங்க. ரெண்டாவது வாரம் மறுக்கா ஸ்டார்ட் பண்ணினேன், வாரத்துக்கு ஒருக்கா பத்துமான்னு சந்தேகம் வந்துருச்சு. வெயில் காலம் பாருங்க. அப்பறம் காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா பண்ணீர்றது. அடுத்தவன் பொருளு, அதும் மகன் பொருளு, அதுல அசால்ட்டா இருக்கக் கூடாதுங்க.

எங்கூட்டுக்காரரு பொழுதோட களத்துல கயித்துக் கட்டலைப் போட்டு உக்காந்திருப்பாரு. "அம்முணி, பேட்டரி இன்னுமா ஏறலை?"ம்பாரு. அவருக்கு வண்டி வாகனத்தைப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க.

தார் ரோடு வந்துருச்சுங்க. சித்தெ தலையைப் பின்னாடி சாய்ச்சுக்கங்க. இல்லைன்னா பொடனி சீட்டுல மோதீரும். அவ்வளவுதானுங்க, அவ்வளவுதான். மெதுவாத்தானே போறேன்? ரெண்டாவது கியர்தானுங்க இது.

எனக்கு லைசன்ஸ் இருக்குதுங்களான்னு கேட்டீங்களே, நல்லாக் கேட்டீங்க. கல்யாணமான புதுசுலயே எடுத்ததுங்க. எடுத்து பீரோவுல வெச்சேன். காலாவதி ஆகறப்பெல்லாம் போயிப் புதுப்பிச்சுட்டு வந்து மறுக்காப் பீரோவுல வெச்சேன். ஓட்டறதுக்கு எங்கிங்க விட்டாங்க? எங்கூட்டுக்காரரு ஒரு அம்பாசிடர் வெச்சிருந்தாரு. அதுல அவரு வலது பக்கம், நான் இடது பக்கம். நாப்பதைத் தாண்ட மாட்டாரு. சரி, நாப்பதுலயே போகட்டும்னு பாத்தா, முன்னாடி ஒரு வண்டி போச்சுன்னா அதையுந் தாண்ட மாட்டாரு. டிராக்டரு, கரும்பு வண்டி, எதுன்னாலும் பின்னாலயே போறது. ஏனுங்க தாண்டக் கூடாதான்னு கேட்டா, "முன்னாடி போறவரு நமக்குச் சம்பந்தியா இருந்துட்டா? ஏதோ மாமனா மச்சானா இருந்துட்டா? தாண்டிப் போனான், ஒரு வார்த்தை கேக்கலைன்னு நாளைக்கு ஒரு விசேசத்துல வெச்சுக் கேட்டுப் போடுவாங்க அம்முணி"ம்பாரு. இப்படியே பழனிக்குப் போயிருக்கறமுங்க, ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால. முடியெல்லாம் வைக்கோலு.

அப்ப எனக்கு இந்த வலது காலு இருக்குதுங்களே, அது சும்மா இருக்காது. தரையைப் போட்டு அமுக்கிக்கிட்டே இருக்கும். முப்பது வருசம் இடது பக்கம் உக்காந்து தரையை அமுக்குனவ தம்பி நானு. எங்க பழைய காருல அந்த எடத்துல தகரமே பள்ளமாயிருச்சு, வேணும்னா வந்து பாருங்க.

செரி, கதைக்கு வர்றேன். களத்துல ஓட்டி ஓட்டி களம் பத்தலை. தேங்காய் வேற காயப் போடோணும். ஒரு நாள் பால் சொசைட்டி வரைக்கும் போயிட்டு வந்தர்லாம்னு எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு வேகத்தடை இருக்குதுங்களே, அதுல ஏறுச்சு, எறங்கலை. முன் சக்கரம் அக்கட்டால, பின் சக்கரம் இக்கட்டால, வயிறு தடை மேல. பால் ஊத்த வந்த அத்தனை பேரும் சேந்து தூக்கி விட்டாங்க. "ஏனுங்கக்கா, இது காரா, கட்டலா"ன்னு ஒருத்தன் கேட்டானுங்க. எனக்கு மனசு பொக்குனு போச்சு. அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன், இந்த மாதிரி வண்டி ஓட்டறதை மொறையாக் கத்துக்கோணும்னு.

அப்பறம் நான் தேடுன தேட்டம் இருக்குதே! முதல்ல நம்ம டவுன்ல இருக்கற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தேன். மனுசன் வந்தாரு, நீங்க உக்காந்திருக்கற சீட்டுல உக்காந்தாரு, குனிஞ்சு காலடியில தேடுனாரு. என்னங்க தேடறீங்கன்னேன். "எம்பட பக்கத்து ப்ரேக்கு எங்கீங்க?"ன்னாரு. இதுல அப்படியெல்லாம் இல்லீங்கன்னேன். "இருவது வருசமா ப்ரேக்கு இல்லாத பக்கம் நான் உக்காந்ததில்லீங்கம்மா"ன்னு சொல்லிப் போட்டு எறங்கிட்டாரு. பாவம், எறங்கறதுக்கே ரெண்டு பேரு கையைப் புடிச்சுத் தூக்கோணுமாயிருச்சு, சீட்டு அவ்வளவு தாழ்வு.

மெட்ராஸ்ல இதுக்குன்னே ஸ்கூல் இருக்குதுன்னாங்க. போன் பண்ணினேன். ஒரு நாளுக்கு அவங்க சொன்ன பீஸைக் கேட்டா, அந்தக் காசுக்கு நல்ல கறவை மாடே புடிச்சரலாமுங்க. மாடாவது தெனமும் பால் குடுக்கும். இவங்க ஒரு நாள் சொல்லிக் குடுத்துப் போட்டு கடைசியில ஒரு சர்ட்டிபிகேட்டும் ஒரு தொப்பியும் குடுப்பாங்களாம். பெங்களூர்ல ஒண்ணு இருந்துச்சு. அங்க ஹெல்மெட்டுக்குத் தனி, உடுப்புக்குத் தனி, செருப்புக்குத் தனி. "பையனுக்குங்களா மேடம்?"னு அந்தப் புள்ளை கேட்டுது. எனக்குத்தானுங்கன்னேன். "லைன்ல இருங்க மேடம்"னு சொல்லி ஒரு பாட்டைப் போட்டுட்டுப் போனவதான், வரவே இல்லை. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

சித்தெ இருங்க தம்பி, இந்த லாரியைத் தாண்டீர்றேன். ஆச்சு. என்னங்க கதவைப் புடிச்சுக்கிட்டீங்க? கதவு நல்ல கதவுங்க, தொறக்காது.

அப்படி இருக்கறப்பத்தான் பெட்ரோல் பங்குல ஜெர்லின் வந்தாளுங்க. காலேஜுப் புள்ளைக நாலஞ்சு பேரு நின்னுட்டிருந்தாங்க. எல்லாம் வண்டி முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குச்சுக. இவ மட்டும் தரையில மண்டி போட்டு டயரைத் தடவிப் பாக்கறா. "ஆன்ட்டி, முன் டயரு வெளிப்பக்கம் மட்டும் தேஞ்சுருக்கே. வளைவுக்குள்ள போயிட்டுப் ப்ரேக்கு பிடிக்கீங்களா?"ன்னா. டயரு விக்க வந்த புள்ளையாட்டம் இருக்குதுன்னு, "டயரு வேண்டாங் கண்ணு"ன்னேன். சிரிக்கறா. நாகர்கோவில் பக்கத்துப் புள்ளைங்க. இங்க இன்ஜினியரிங் படிக்கறா. காலேஜுல ரேஸ் டீம் இருக்குதாம், சின்னதா ஒரு வண்டி அவங்களே கட்டியிருக்காங்களாம். ஒத்தை வண்டி, அத்தனை பசங்க. ஓட்டறதெல்லாம் அவனுக. இவ கையில ஸ்டாப்வாச்சைக் குடுத்து ஓரமா நிக்க வெச்சுருவாங்களாம். "எனக்கு அவங்களை விட நல்லா ஓட்டத் தெரியும் ஆன்ட்டி. ஓட்டத்தான் வண்டி இல்லை"ன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. இடது பக்கம் உக்காந்தவளுக்குத்தானே தெரியும்.

நீ சொல்லிக் குடுக்கறியா கண்ணு, எவ்வளவு பீஸுன்னேன். யோசிச்சா. "காசு வேண்டாம் ஆன்ட்டி. ஒரு சுத்து நீங்க, ஒரு சுத்து நான். அப்புறம்..."னு இழுத்தா. சொல்லு கண்ணுன்னேன். "ஹாஸ்டல் சாப்பாடு வாயில வைக்க முடியல. மீன் கொழம்பு வச்சுத் தருவீங்களா?"

எங்க வம்சத்துலயே மீனைக் கழுவுனவங்க இல்லீங்க! ஆனாலும் பாருங்க, மாடு வாங்கற காசு எங்க, மீன் வாங்கற காசு எங்க. செரின்னுட்டேன். மறுநாளே உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போயி, "கொழம்புக்கு நல்லதாப் பாத்துக் குடுங்க"ன்னு வாங்கியாந்து, கறிக்கு அரைக்கற மசாலாச் செலவையே அரைச்சுப் போட்டு, அடுப்புல நல்லா ஒரு மணி நேரம் வேக வெச்சேன். கறின்னா அவ்வளவு நேரமாகுமில்லீங்க? மூடியைத் தொறந்து பாத்தா மீனையே காணோம். முள்ளு மட்டும் மெதக்குது. அந்தப் புள்ளை ஒரு வாய் வெச்சுது, கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஊரு ஞாவகம் வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நான் முதுகைத் தடவிக் குடுத்தேன். "ஆன்ட்டி, காருக்கு மட்டுமில்ல, இதுக்கும் கிளாஸ் எடுக்கணும் போல"ன்னா.

இதா, வந்துட்டமுங்க. மில்லு. எங்க சித்தப்பா பசங்களோட நூல் மில்லுங்க இது, பூட்டிப் போட்டு ரொம்ப வருசமாச்சு. கேஸு நடக்குது, அண்ணந் தம்பிக்குள்ள. கேஸு முடியற வரைக்கும் ஒருத்தனும் இதை விக்க முடியாது, கட்டவும் முடியாது. கடவுள் புண்ணியத்துல கேஸும் முடியற மாதிரி இல்லை. உள்ள லாரி திரும்பறதுக்குன்னு எவ்வளவு பெரிய தளம் போட்டிருக்காங்க பாருங்க! இங்கதான் எங்களுக்கு வகுப்பு. அங்கங்க தெரியுது பாருங்க பச்சை, சிவப்பு, நீலம், அதெல்லாம் எங்கூட்டு பக்கெட்டுங்க. அந்த நீல பக்கெட்டுக்கு அடி இல்லை, நான் ஒரு தடவை மேல ஏத்திட்டேன்.

அங்க குடை புடிச்சு நாற்காலியில முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் எங்கூட்டுக்காரரு. கேட்டைத் தொறந்து விடறதுக்கு மொப்பட்டுல முன்னாடியே வந்தர்றாரு. வெயிலு ஆகாதுங்க அவருக்கு, அதனாலதான் இந்தப் பக்கம் பாக்க மாட்டாரு.

ஜெர்லின் என்ன பண்ணினான்னா, முதல் மாசம் வேகமாவே ஓட்ட உடலீங்க. "கொழம்புச் சட்டியைப் பக்கத்து சீட்டுக்கு முன்னால தரையில வைங்க ஆன்ட்டி. சிந்தாம வீட்டுல இருந்து மில்லுக்குக் கொண்டாங்க. சிந்துனா அன்னைக்குப் பாடம் கெடையாது"ன்னுட்டா. நீங்க காலு வெச்சிருக்கீங்களே தம்பி, அங்கதானுங்க சட்டி. காலை எடுத்துக்காதீங்க, எடுத்துக்காதீங்க, கழுவியாச்சு. முதல் நாளு சட்டி அப்படியே கவுந்துருச்சு. ரெண்டாவது நாளு பாதி. அப்பறம் பாருங்க, காலு தானாத் தெரிஞ்சுக்கிச்சு. வளைவுக்கு முன்னாடியே நேர்ல வெச்சு ப்ரேக்கை அமுக்கோணும், வெடுக்குன்னு உடக் கூடாது, கொழம்பு ஒரு பக்கமா மெதுவா ஏறி மெதுவா எறங்கற மாதிரி திருப்போணும். அப்படிப் பண்ணினா கொழம்பும் சிந்தாது, டயரும் வழுக்காதாம். ரெண்டும் ஒண்ணுதானாம்! ஒரு நாளு ஒரு சொட்டுங்கூட மூடியில ஒட்டாமக் கொண்டாந்தேன், அந்தப் புள்ளை சட்டியைத் தொறந்து பாத்துட்டு, என்னையப் பாத்துட்டு, எந்திரிச்சு நின்னு கையைத் தட்டுதுங்க. நான் பத்தாவதுல பாஸானதுக்கு அப்பறம் எனக்கு யாருங்க கை தட்டியிருக்காங்க?

அப்பறந்தான் வேகம். ஒரு சுத்து நான் ஓட்டுவேன், அவ இடது பக்கம் உக்காந்து கத்துவா. "பக்கெட்டைப் பாக்காதீங்க ஆன்ட்டி, கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்கதான் போவும்!" நான் ரெண்டாவது சுத்தும் போலாமான்னு பாப்பேன். உடவே மாட்டா. "இறங்குங்க ஆன்ட்டி, இப்ப என் முறை"ம்பா. அவ முறை வந்தா அவ மொகத்தைப் பாக்கோணுமே தம்பி! பசங்க கையில ஸ்டாப்வாச்சைக் குடுத்த புள்ளையா இதுன்னு இருக்கும்.

சொன்னா நம்ப மாட்டீங்க, ரேஸ் ட்ராக்குக்கே போயிட்டமுங்க. ஞாயித்துக்கெழமை சொந்தக் காரைக் கொண்டாந்து ஓட்டிப் பாக்க உடுவாங்க. பேட்டரிக்கு நல்லதுன்னுதான் போனேன். காத்தால டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுத்தான் உள்ள எறக்கினேன். எல்லாம் பசங்க, எம்பட மகன் வயசு. ஹெல்மெட்டுக்குள்ள கொண்டை போகலைன்னு அவுத்துப் பின்னிக்கிட்டேன்.

போனனுங்களா, முதல் வளைவு வந்துச்சு. வால்பாறை ரோட்டுல என்னங்க எழுதியிருக்குது? வளைவுல ஒலி எழுப்புகன்னுதானே? நான் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரனை அடிச்சேன். அதும்போக, முன்னாடி போறவங்களைச் சொல்லாமக் கொள்ளாமத் தாண்டறது மருவாதி இல்லீங்களே, யாரு பெத்த புள்ளைகளோ. அதனால ஒவ்வொருத்தருக்குப் பின்னாடியும் போயி ஹாரனை அடிச்சு, லைட்டையும் போட்டுக் காட்டினேன். என்ன சொல்லறதுங்க, அத்தனை பேரும் ஒதுங்கி ஒதுங்கி வழி உட்டாங்க! கோயமுத்தூருக்காரங்க மருவாதியே தனிதான். ஓரத்துல நின்னவங்க கொடியெல்லாம் ஆட்டுனாங்க. நானும் லைட்டை அடிச்சு வணக்கம் வெச்சனுங்க.

எறங்கி வந்தா ஒரே கூட்டம். "யாருங்க அந்த ஹாரனு?"ன்னு ஒரு தம்பி கேட்டுட்டு வர்றான். ஹெல்மெட்டைக் கழட்டினேன். "அம்மா!"ன்னு நின்னுட்டான். எறங்குனதுல ரெண்டே பேருதான் என்னைய விட வேகமாம். ஜெர்லின் என்னையக் கட்டிப் புடிச்சுட்டு சிரிக்கறா, அழுகறா, "அடுத்த வாட்டி ஹாரன் வயரை உருவிருவேன் ஆன்ட்டி"ங்கறா. உருவியும் போட்டா. நானும் பயந்துட்டேதான் போனேன், ஹாரன் இல்லாம எப்படி வழி கேக்கறதுன்னு. ஆனா பாருங்க, அதுக்கப்பறமும் ஒவ்வொருத்தரையாத் தாண்டிப் போயிட்டேதான் இருக்கறேன். பழக்கத்துல அவங்களே ஒதுங்கிக்கறாங்களாட்ட இருக்குது.

முதல் ஆளைத் தாண்டுனப்ப எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? செவப்புக் காரு ஒண்ணு. வளைவுல உள்பக்கமாப் புகுந்து, அவன் என்ர கண்ணாடியில சின்னதாப் போறதைப் பாத்தேன். பழனி ரோட்டு வைக்கோல் வண்டி, கரும்பு வண்டி, டிராக்டரு, அத்தனையும் அதோட சேந்து பின்னாடி போச்சுங்க. ஹெல்மெட்டுக்குள்ள நான் போட்ட சத்தம் எனக்கே காதடைச்சுது. அவ்வளவு சந்தோசம் எனக்கு எம்பட கல்யாணத்துலகூட இல்லீங்க. அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க.

வேகம் புடிக்குங்களான்னா கேக்கறீங்க? சேச்சே. எனக்கு எதுக்குங்க இந்த வயசுல வேகம்.

எவனோ ஒருத்தன் அதை வீடியோ எடுத்துப் போட்டுட்டானுங்க. அது சுத்திச் சுத்திக் கனடாவுக்கே போயிருச்சு. நவநீதன் பாத்துட்டான். மஞ்சக் காரும் ஹாரன் சத்தமும் பின்னின ஜடையும். போன்ல கத்தலீங்க, மெதுவாத்தான் பேசுனான். "அம்மா, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இங்க இருந்து என்ன பண்ணுவேன்? வண்டியை வித்தர்லாம்"னான். மகன் பொருளு, மகன் சொல்றான், நான் என்ன சொல்ல முடியும்? வந்து பாக்கறவங்களுக்கெல்லாம் நானே ஓட்டிக் காட்டறேன்னேன். ஆளுக வந்தாங்க. எல்லாருக்கும் இந்த மில்லு வரைக்கும் வண்டி நெம்பப் புடிச்சுருந்துச்சு. இங்க ஒரு சுத்து காட்டுனதும் என்னமோ வேண்டாம்னுட்டுப் போயிர்றாங்க. ஒருத்தரு பஸ்ஸுல போறேன்னு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தே போனாரு. ஏன்னே தெரியலீங்க.

மகனும் சலிச்சுப் போயிட்டான். "இந்தத் திருப்பூர்க்காரருதான் கடைசி. இவரும் வேண்டாம்னா நீங்களே வெச்சுக்கங்கம்மா, எனக்கு முடியலை"ன்னுட்டான். அதுக்காக உங்களைப் பயமுறுத்தோணும்னு எனக்கென்னங்க. உள்ளது உள்ளபடி காட்டறேன், அப்பறம் உங்க இஷ்டம்.

புடிச்சுக்கங்க தம்பி. கண்ணை மூடாதீங்க, மூடுனாத்தான் மயக்கம் வரும். பச்சை பக்கெட்டு, இதா, ப்ரேக்கு, திருப்பு, இப்ப உடோணும், பாருங்க பாருங்க பாருங்க, சிவப்பு, பின்னாடி சித்த வழுக்கும், வழுக்கட்டும், அது அப்படித்தான், கூப்புட்டா வந்துரும், வந்துருச்சு! நீலம், அதுக்கு இன்னும் ஒட்டிப் போகோணும், கொழம்பு ஏறுது, எறங்குது, நேர் ரோடு, இப்பத்தான் தம்பி, இப்பத்தான்! ஹோ! இனி ப்ரேக்கு. ஆச்சு. நின்னாச்சுங்க. மூச்சை உடுங்க.

என்னங்க, சிரிக்கறீங்க? ஏனுங்க தம்பி, இப்படிச் சிரிக்கறீங்க? தண்ணி வேணுங்களா?

எடுத்துக்கறீங்களா?

ஓ.

இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. சந்தோசந்தான். நல்ல விலைக்குப் போகுது, மகனுக்கும் நிம்மதி. ஒரு நிமிசம் இருங்க. மறைக்கறதுக்கென்ன தம்பி, நீங்களும் வேண்டாம்னுருவீங்கன்னே நெனைச்சுட்டேன். பயந்துருவீங்கன்னு நெனைச்சேன். பயந்த ஆளு இப்படிச் சிரிப்பாங்களா? செரி, உடுங்க. வண்டி ஓடோணும், யாரு ஓட்டுனா என்ன.

வாங்க, நீங்க ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. வாங்கறவரு ஓட்டிப் பாக்காம எப்படி? நான் எறங்கி அந்தப் பக்கம் வர்றேன்.

ஆங். கண்ணாடியைச் சரி பண்ணிக்கங்க. க்ளட்ச்சை மெதுவா உடுங்க. ஆஃப் ஆயிருச்சு, போனாப் போகுது. மறுக்கா. மறுபடியும் ஆஃப் ஆயிருச்சு. அவசரமில்லீங்க. ஆங், போகுது, போகுது. பச்சை பக்கெட்டு வருதுங்க. ப்ரேக்கு. ப்ரேக்கு தம்பி. பக்கெட்டைப் பாக்காதீங்க, கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்கதான்... ஏத்திட்டீங்க. பரவாயில்லை, அது பழைய பக்கெட்டு. இப்ப எதுக்கு இவ்வளவு மெதுவா? முன்னாடி யாருமே இல்லீங்களே, சம்பந்தியா போறாரு? அமுக்குங்க! எம்பட காலைப் பாருங்க, தானாத் தரையை அமுக்குது. சிவப்பையும் ஏத்திட்டீங்க.

நிறுத்துங்க தம்பி. நிறுத்துங்க. ஒரு வார்த்தை கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த மாதிரி வண்டி ஓட்டப் பழகியிருக்கீங்களா?

மெட்ராஸ் ஸ்கூல்ல விசாரிச்சீங்களா! என்ன சொன்னாங்க? ஒரு நாளுக்கு? இப்ப இன்னும் ஏத்திட்டாங்களா! அட கெரகமே, ரெண்டு மாடு வாங்கலாமுங்க! தொப்பி குடுக்கறாங்களாமா? தொப்பிக்கும் தனிக் காசா!

அப்பப் பாருங்க தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். வண்டியை நீங்க வாங்கிக்கங்க. வாங்கறதுதான் நாயம். காசை மகனுக்குப் போட்டு உட்டுருங்க, அவன் நிம்மதியா இருக்கட்டும். ஆனா ஓட்டத் தெரியாம இதைத் திருப்பூர்ல கொண்டுபோயி என்ன பண்ணுவீங்க? அங்க ரோடு பூராப் பள்ளம், வேகத்தடை. ஞாயித்துக்கெழமை இங்க வந்துருங்க. நான் சொல்லிக் குடுக்கறேன். ஜெர்லினும் வருவா, அவ என்னைய விடப் பெரிய மாஸ்டரு. பீஸெல்லாம் வேண்டாங்க. உக்கடத்துல எறங்கி மீன் வாங்கிட்டு வந்துருங்க, கொழம்பு நான் வெச்சுர்றேன். வஞ்சிரம் வேண்டாங்க, அந்தப் புள்ளைக்குச் சாளைதான் உசுரு. முதல் மாசம் சட்டி உங்க பக்கத்துல. சிந்துனாப் பாடம் கெடையாது, சொல்லிப் போட்டேன்.

அப்பறம் இன்னொண்ணு. வாரம் பூரா அங்க சும்மா நிறுத்துனீங்கன்னா பேட்டரி போயிருங்க. எதுக்கும் வண்டி இங்கயே எங்க களத்துலயே நிக்கட்டும். சாவி எங்கிட்ட இருக்கட்டும். காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா நானே பாத்துக்கறேன். எனக்கென்னங்க செரமம்?

தலையாட்டறீங்களே, நெசமாவேதானுங்களா? அங்க பாருங்க, எங்கூட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு! இத்தனை நாளுல இன்னிக்குத்தான் தம்பி இந்தப் பக்கம் பாக்கறாரு. நீங்க ஓட்டறதைப் பயமில்லாமப் பாக்கலாம்னு நெனைச்சிருப்பாரு.

செரி, பேசுனது போதும். உங்க சுத்து முடிஞ்சுதுங்களே? எறங்குங்க தம்பி, இப்ப எம்பட முறை.